கரிசற் காட்டில் மக்காச்சோளம்: உரமிட்டும் விளைவு குன்றுவது ஏன்?

இராஜபாளையத்திற்குத் தென்கிழக்கே, வெம்பக்கோட்டை செல்லும் வழியில் அமைந்திருப்பது ஆலங்குளம். தென்காசி மாவட்டத்திலும் இதே பெயருடைய ஓர் ஊர் உண்டு. நாம் இங்குக் குறிப்பிடுவது விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை. 1970ஆம் ஆண்டில் இவ்வூரில் அரசாங்கச் சிமெண்டு ஆலை நிறுவப்பட்டதற்குக் காரணம், இந்நிலத்தடியில் கிடைக்கும் சுண்ணாம்புக் கல்லே ஆகும். ஆலைக்கு உணவாகிய இந்தச் சுண்ணாம்பு, சுற்றுப்புறத்துப் புன்செய்களில் விளையும் மக்காச்சோளத்தின் உணவைத் தடுத்து நிறுத்தவும் வல்லது. இதனை நம் குடியானவர்களில் பலரும் எண்ணிப் பார்த்ததில்லை. உரத்திற்கு ஆண்டுதோறும் செலவு மிகுகின்றது. விளைவோ அதற்கேற்ப மிகவில்லை. இக்குறைக்குக் காரணம் என்ன, பரிகாரம் என்ன என்பதை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

கரிசலில் மக்காச்சோளம் பரவிய வரலாறு

ஒரு காலத்தில் கரிசற் சீமையின் பயிர்கள் பருத்தியும் கம்பும் சோளமுமாகவே இருந்தன. பருத்தி ஆராய்ச்சிக்கென ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு நிலையம் இயங்குவதும், 1901ஆம் ஆண்டிலேயே கோவில்பட்டியில் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டதும் இதற்குச் சான்றுகள். மக்காச்சோளம் மெக்சிகோ நாட்டைத் தாயகமாக உடையது. நம் நாட்டில் இப்பயிரை மேம்படுத்துவதற்கான அகில இந்தியத் திட்டம் 1957இல் தொடங்கப்பெற்றது; 1961இல் முதல் வீரிய ஒட்டு ரகங்கள் வெளிவந்தன. பின்னர்க் கோழித் தீவனத்திற்காக ஏற்பட்ட தேவை இப்பயிரை நம் மானாவாரி நிலங்களுக்கும் கொண்டு வந்தது. நாமக்கல் வட்டாரத்துக் கோழிப் பண்ணைகள் இருக்கும்வரை மக்காச்சோளத்திற்கு வாங்குவோர் இல்லாமற் போவதில்லை. அண்மையில் எரிசாராயத் தயாரிப்பிற்கும் இத்தானியம் நாடப்படுகின்றது.

ஆகவே சந்தை இருக்கின்றது. நல்ல விதையும் கிடைக்கின்றது. திண்டுக்கல் மாவட்டம் வாகரையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மக்காச்சோளத்திற்கெனத் தனி ஆராய்ச்சி நிலையமே நடத்தி வருகின்றது. எஞ்சி நிற்பது நிலத்தில் நாம் செய்யவேண்டிய வேலை. அதிலேதான் குறை காணப்படுகின்றது.

கண்மாய்க் கரை கற்பிக்கும் பாடம்

நமது ஊர்க் கண்மாயை நினைத்துப் பார்ப்போம். கரை முழுவதும் பத்தடி உயரம் இருக்கலாம். ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கரை தேய்ந்து நான்கடியாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எவ்வளவு மழை பெய்தாலும் அக்கண்மாயில் நான்கடிக்கு மேல் நீர் நில்லாது. உயர்ந்திருக்கும் இடத்தின் மேல் இன்னும் பத்து வண்டி மண் கொண்டுபோய்க் கொட்டினாலும் பயனில்லை. தாழ்ந்த இடத்தை உயர்த்தினால்தான் நீர் மட்டம் உயரும்.

பயிரின் உணவும் இத்தகையதே. தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பற்சத்து, துத்தநாகம், இரும்பு, கந்தகம் ஆகிய சத்துகளுள் எது மிகக் குறைவாக உள்ளதோ, அதுவே விளைவின் அளவை முடிவு செய்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மானிய விஞ்ஞானிகளான ஸ்பிரெங்கலும் லீபிக்கும் விளக்கிய தத்துவம் இது. மண்ணின் ஈரத்தையும் இச்சத்துகளோடு சேர்த்து எண்ணவேண்டும். மானாவாரியில் பெரும்பாலும் தாழ்ந்து நிற்கும் கரை ஈரமே.

நம்மில் பலர் செய்வது என்ன? அண்டை நிலத்துக்காரர் ஒரு மூட்டை இட்டால் நாம் இரண்டு மூட்டை இடுகின்றோம். உயர்ந்த கரையின் மேல் மேலும் மண் கொட்டுவதற்கு ஒப்பான செயல் இது.

இதனைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஒரு டன் மக்காச்சோளத் தானியம் விளைவிக்கப் பயிர் முழுவதும் சேர்ந்து ஏறத்தாழ 20 முதல் 25 கிலோ தழைச்சத்தும், சுமார் 10 கிலோ மணிச்சத்தும் மண்ணிலிருந்து எடுக்கின்றது. ஏக்கருக்கு இரண்டு டன் விளைவதாகக் கொண்டால், மணிச்சத்துத் தேவை 20 கிலோ அளவிலேயே நிற்கும். அதிலும் ஒரு பகுதியை மண்ணே தந்துவிடும். ஐம்பது கிலோ டி.ஏ.பி. மூட்டை ஒன்றில் 23 கிலோ மணிச்சத்தும் 9 கிலோ தழைச்சத்தும் உள்ளன. அடியுரமாக இரண்டு மூட்டை இடும் ஒருவர் 46 கிலோ மணிச்சத்தை நிலத்தில் இடுகின்றார். பயிர் கேட்டதைப் போல் இருமடங்கிற்கும் மேற்பட்ட அளவு இது. மிகுதிக்குக் கொடுத்த பணம் சுண்ணாம்போடு சேர்ந்து மண்ணில் உறங்குகின்றது.

சுண்ணாம்பு செய்யும் தடை

கரிசல் மண்ணைத் தோண்டும்போது வெண்ணிறமான சுக்கான் கற்கள் உருண்டை உருண்டையாக அகப்படுவதை நாம் அறிவோம். மண்ணில் கலந்துள்ள சுண்ணாம்பின் அறிகுறி அது. இத்தகைய மண்ணின் கார அமில நிலை பொதுவாக 8க்கும் 8.5க்கும் இடையில் இருக்கும். இதனால் மூன்று தீமைகள் விளைகின்றன.

முதலாவது, மணிச்சத்து கட்டுண்டு போகின்றது. டி.ஏ.பி.யில் உள்ள மணிச்சத்து நீரில் எளிதிற் கரையக்கூடியது. ஆனால் சுண்ணாம்பு மிகுந்த மண்ணோடு அது கலந்தவுடன் சிறிது சிறிதாகக் கரையாத பொருளாக மாறிவிடுகின்றது. நிலமெங்கும் தூவி உழுதுவிட்டால் உரம் மண்ணோடு உறவாடும் இடம் மிகுதியாகி, இழப்பும் மிகுதியாகின்றது.

இரண்டாவது, யூரியாவின் தழைச்சத்து காற்றோடு போகின்றது. சுண்ணாம்பு மண்ணின் மேற்பரப்பில் யூரியாவைத் தூவி, மண்ணால் மூடாமல் விட்டுவிட்டால், அது அம்மோனியா வாயுவாக மாறிப் பறந்துவிடும். வெயிலும் இலேசான ஈரமும் சேர்ந்த நாளில் இந்த இழப்பு மிகக் கடுமையாக இருக்கும்.

மூன்றாவதும் முக்கியமானதும் துத்தநாகக் குறைவு. மண்ணின் கார அமில நிலை ஓர் எண் உயரும்போது, கரைந்து பயிருக்குக் கிடைக்கும் துத்தநாகம் ஏறத்தாழ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும் என்பது மண்ணியலார் கண்ட உண்மை. மணிச்சத்தை அளவிற்கு மீறி இட்டால் இக்குறை இன்னும் மோசமாகும். ஆகவே இரண்டு மூட்டை டி.ஏ.பி. இட்டவர் பணத்தை இழந்ததோடு, தம் பயிரின் துத்தநாகப் பசியையும் தாமே வளர்த்தவராகின்றார்!

பயிரே பேசும் மொழி

எந்தச் சத்துக் குறைந்துள்ளது என்பதைப் பயிர் தன் இலைகளால் அறிவிக்கின்றது. அந்த மொழியை நாம் கற்றுக்கொள்ளுதல் அவசியம்.

விதைத்த இரண்டு மூன்று வாரங்களுக்குள் இளங்குருத்து வெளிறி, நடு நரம்பின் இரு பக்கங்களிலும் வெள்ளையான அகன்ற பட்டைகள் தோன்றினால், அது துத்தநாகக் குறைவு. அடி இலைகள் நுனியிலிருந்து நடு நரம்பின் வழியே உள்நோக்கி மஞ்சளித்தால் தழைச்சத்துப் போதவில்லை. அடி இலைகளின் ஓரம் மட்டும் தீய்ந்தாற்போல் காய்ந்து, நடு நரம்பு பச்சையாக இருந்தால் சாம்பற்சத்து குறைவு. இளஞ்செடியில் இலையும் தண்டும் செந்நீலம் பூத்து வளர்ச்சி குன்றினால் மணிச்சத்து எட்டவில்லை. புதிய இலைகளில் நரம்புகள் பச்சையாகவும் இடைப்பகுதி மஞ்சளாகவும் கோடு கோடாகத் தெரிந்தால் இரும்புச்சத்து கிடைக்கவில்லை என்று கொள்ளலாம்.

ஒன்றை மனத்தில் இருத்துதல் வேண்டும். அடி இலையிற் குறி தோன்றினால், பயிர் பழைய இலையிலுள்ள சத்தை எடுத்துப் புதிய இலைக்கு அனுப்புகின்றது என்று பொருள். தழை, மணி, சாம்பற்சத்துகள் இவ்வாறு இடம்பெயரக் கூடியவை. துத்தநாகமும் இரும்பும் அவ்வளவு எளிதாக இடம்பெயர மாட்டா. ஆதலின் அவற்றின் குறை இளங்குருத்தில் வெளிப்படுகின்றது. மஞ்சளைக் கண்டவுடன் யூரியாவை அள்ளிச் சொரியும் பழக்கத்தை இனியேனும் விட்டொழிக்க வேண்டும். எந்த இலை மஞ்சள் என்று முதலிற் பார்ப்போம். பின்னர்க் கடைக்குப் போவோம்.

மண் பரிசோதனையே அடிப்படை

இலையிற் குறி தோன்றும் நாளில் விளைவில் ஒரு பகுதி ஏற்கெனவே போயிருக்கும். ஆகவே விதைக்கு முன்பே மண்ணைச் சோதித்தல் நன்று. மத்திய அரசு 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின்கீழ் நம் மாவட்டத்திலும் அட்டைகள் வழங்கப்பட்டன. அவற்றுள் பல, வீட்டுப் பரணில் உறங்குவதையும் நாம் அறிவோம். மூன்றாண்டுகளுக்கு முற்பட்ட அட்டையாயின் மறுபடியும் சோதித்துக்கொள்ளுதல் நலம்.

மாதிரி எடுப்பதில்தான் பெரும்பாலும் தவறு நேருகின்றது. அறுவடை முடிந்து நிலம் வெறுமையாயிருக்கும் சித்திரை, வைகாசி மாதங்களே இதற்கு ஏற்ற காலம். ஒரே தன்மையுள்ள நிலத்தில் பத்துப் பதினைந்து இடங்களில், மேற்குப்பையை நீக்கிவிட்டு, 15 சென்டிமீட்டர் ஆழத்திற்குச் சாய்வாகக் குழி வெட்டி, அதன் பக்கவாட்டிலிருந்து சீராக ஒரு படலம் மண்ணைச் சுரண்டி எடுத்தல் வேண்டும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து, பரப்பி, நான்காகப் பிரித்து, எதிரெதிர்ப் பகுதிகளை நீக்கி, இறுதியில் அரைக் கிலோ அளவிற்குக் கொண்டு வரவேண்டும். வரப்போரம், மர நிழல், எருக்குவித்த இடம், ஆட்டுக்கிடை போட்ட இடம் ஆகியவற்றை ஒதுக்கிவிட வேண்டும். ஒரு மூலையில் ஒரு கைப்பிடி அள்ளி அனுப்பினால், அந்த மூலையின் கதையைத்தான் அட்டை சொல்லும்.

அட்டையைப் படிக்கும் முறை

அட்டையிற் காணும் எண்கள் சத்தின் அளவைக் குறிப்பன. மூட்டையின் அளவை அல்ல. இதனை மாற்றிக் கணக்கிடும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவோம்.

ஏக்கருக்கு 24 கிலோ தழைச்சத்து, 12 கிலோ மணிச்சத்து, 12 கிலோ சாம்பற்சத்து இடவேண்டுமென்று ஓர் அட்டை கூறுவதாகக் கொள்வோம். டி.ஏ.பி.யில் நூற்றுக்கு 46 பங்கு மணிச்சத்து உள்ளது. ஆகவே 26 கிலோ டி.ஏ.பி. இட்டால் 12 கிலோ மணிச்சத்து கிடைத்துவிடும். அதாவது அரை மூட்டைக்குச் சற்று மேல். அதிலேயே ஏறத்தாழ 5 கிலோ தழைச்சத்தும் வந்துவிடுகின்றது. எஞ்சிய 19 கிலோ தழைச்சத்திற்கு 42 கிலோ யூரியா போதும். இன்று விற்கப்படும் 45 கிலோ மூட்டை ஒன்றிற்கும் குறைவான அளவு இது. சாம்பற்சத்திற்கு 20 கிலோ பொட்டாஷ் தேவை. டி.ஏ.பி. கிடைக்காதபோது 75 கிலோ சூப்பர் பாஸ்பேட்டும் 52 கிலோ யூரியாவும் அதற்கு ஈடாகும். சூப்பர் பாஸ்பேட்டில் கந்தகச் சத்தும் உண்டு என்பதை மறத்தலாகாது.

இவை உதாரண எண்களே. கரிசல் மண்ணில் பொதுவாகச் சாம்பற்சத்து குறைவின்றி இருக்கும். அட்டை தேவையில்லை என்றால் பொட்டாஷ் செலவை நிறுத்திக்கொள்ளலாம். தத்தம் அட்டையிலுள்ள எண்ணை வைத்துத் தத்தம் கணக்கைப் போட்டுக்கொள்வதே முறை.

இடும் முறையே பாதி உரம்

மணிச்சத்து கட்டுண்டு போவதைத் தடுக்க மானாவாரிக்கேற்ற எளிய வழி, ஊட்டமேற்றிய தொழுவுரம். ஏக்கருக்கு 300 கிலோ நன்கு மக்கிய தொழுவுரத்தைச் சலித்தெடுத்து, அதனுடன் அந்த ஏக்கருக்கு வேண்டிய சூப்பர் பாஸ்பேட்டு முழுவதையும் கலந்து, புட்டுப் பதத்திற்கு நீர் தெளித்து, நிழலிற் குவித்து, மேலே மண் பூசி மூடிவிட வேண்டும். ஒரு மாதம் கழித்து எடுத்து, விதைப்புச் சாலில் இடலாம். மக்கு மணிச்சத்தைத் தன்னிடம் பற்றி வைத்துக்கொள்வதால், சுண்ணாம்பு அதனை எளிதிற் கவர்ந்துகொள்வதில்லை. வேருக்கு அது நெடுநாள் கிடைக்கின்றது. ஆவணி மாதத்திலேயே குவியலைத் தயார் செய்தால் புரட்டாசி விதைப்பிற்கு உதவும்.

துத்தநாகம் குறைவென்று அட்டை காட்டினால், ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டைத் தனியாக மணலுடனோ மக்கிய எருவுடனோ கலந்து இடவேண்டும். டி.ஏ.பி. அல்லது சூப்பருடன் அதனைச் சேர்த்துக் கலத்தல் கூடாது. இரண்டும் ஒன்றையொன்று முடக்கிவிடும். ஒரு முறை இட்டால் அதன் பயன் அடுத்த இரண்டொரு பயிர்களுக்கும் நீடிக்கும். நிற்கும் பயிரில் வெண்குருத்துக் கண்டால், ஒரு லிட்டர் நீருக்கு 5 கிராம் துத்தநாக சல்பேட்டும் 2.5 கிராம் நீற்றிய சுண்ணாம்பும் சேர்த்து வடிகட்டி, மாலை வேளையில் இலைமேல் தெளிக்கலாம். பத்து நாள் கழித்து மறுமுறை தெளிப்பது நன்று.

யூரியாவை ஒரே தடவையில் இடுதல் தகாது. மேற்சொன்ன 42 கிலோவை மூன்று பங்காக்கி, ஒரு பங்கை விதைப்பின்போது இடவேண்டும். பயிர் முழங்கால் உயரம் வரும் 25ஆம் நாளை ஒட்டி ஒரு பங்கு. 45ஆம் நாளை ஒட்டி ஒரு பங்கு. முழங்கால் உயரத்திலிருந்து கதிர் நூல் தள்ளும்வரை உள்ள காலமே பயிர் தழைச்சத்தை மிக விரைவாக உண்ணும் காலம். உரம் விதையைத் தொடாமல், அதற்கு நான்கு விரற்கடை பக்கத்திலும் சற்றுக் கீழேயும் விழவேண்டும். மேலுரத்தை வரிசையோரம் இட்டு, உடனே களைக்கொத்தால் மண் அணைத்துவிட வேண்டும்.

இங்கு மானாவாரிக் குடியானவர் கைக்கொள்ள வேண்டிய நியதி ஒன்று உண்டு. ஈரம் இருந்தால் மேலுரம். ஈரம் இல்லையேல் இல்லை. நாட்காட்டியைப் பார்த்து உரமிடாமல் மண்ணைப் பார்த்து உரமிடுவோம். மழை பொய்த்த ஆண்டில் மூன்றாம் பங்கு மூட்டையிலேயே இருந்தால், அந்தப் பணமாவது மிஞ்சும்.

ஈரம் காத்தலும் பருவம் தவறாமையும்

விருதுநகர் மாவட்டத்தின் ஆண்டு மழை சுமார் 800 மில்லிமீட்டர். அதில் ஏறத்தாழப் பாதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களையொட்டி வடகிழக்குப் பருவக்காற்றால் பெய்வது. இம்மழை விழுந்த இடத்திலேயே மண்ணில் இறங்கச் செய்தல் முதற் கடமை. கோடை மழையில் ஆழ உழுதுவிட்டு, சரிவுக்குக் குறுக்கே 8 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமுமான பாத்திகளாகச் சிறு வரப்புக் கட்டினால், நீர் ஓடாமல் நின்று ஊறும். விதைப்பும் களையெடுப்பும் சரிவுக்குக் குறுக்காகவே நடைபெறல் வேண்டும்.

மக்காச்சோளம் விதைத்த 50, 55 நாட்களில் ஆண்பூங்கொத்தும் கதிர் நூலும் தள்ளும். அந்த இரண்டு வாரங்களில் ஈரம் தவறினால் கதிரில் மணி பிடிக்காது. அதன்பின் எத்துணை மழை பெய்தாலும் அக்குறை தீராது. புரட்டாசிக் கடைசியில் விதைத்த பயிர் கார்த்திகை நடுவில், மழை நின்றுவிடாத காலத்தில், கதிர் நூல் தள்ளுகின்றது. கார்த்திகையில் விதைத்த பயிரோ தையில், மழை ஓய்ந்த பின்னர் அந்நிலையை அடைகின்றது. இருவரும் ஒரே உரத்தை இட்டிருந்தாலும் களத்துமேட்டில் வேற்றுமை தெரியும். மழையை எதிர்நோக்கிப் புழுதியில் விதைப்போர் விதையை 5 சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றினால், சிறு தூறலுக்கு முளைத்துக் கருகாமல், நல்ல மழைக்கு முளைக்கும்.

துணைப் பயிர்: சோயா மொச்சையா, நம் பயறுகளா?

அமெரிக்க நாட்டின் அயோவா முதலிய மாகாணங்களில் மக்காச்சோளமும் சோயா மொச்சையும் ஆண்டு மாற்றி ஆண்டு பயிரிடப்படுகின்றன. சோயாவின் வேர் முண்டுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பற்றித் தருகின்றன. பயிர் மாறுவதால் பூச்சியும் நோயும் தொடர்வதில்லை. நம் நாட்டிலும் மத்தியப் பிரதேசம், மகாராஷ்டிரம் ஆகிய மாநிலங்களின் கரிசல் மண்ணில் சோயா பெரும்பரப்பில் விளைகின்றது. அதன் பருப்பில் நூற்றுக்கு 40 பங்கு அளவில் புரதமும் 20 பங்கு அளவில் எண்ணெயும் உள்ளன.

எனினும் ஆலங்குளம் போன்ற சுண்ணாம்பு மிகுந்த இடத்தில் சோயாவைப் பெருமளவில் விதைக்க நாம் அவசரப்படலாகாது. சுண்ணாம்பு மண்ணில் இரும்புச்சத்து கிடைக்காமல் சோயாவின் இளந்தளிர் வெளுத்துப் போவது, அமெரிக்காவின் மேற்கத்திய சமவெளிகளிலும் நன்கு அறியப்பட்ட குறை. விருப்பமுள்ளவர் ஐந்து சென்ட் நிலத்தில் முதலில் சோதித்துப் பார்க்கலாம். விதையை அதற்குரிய ரைசோபியம் நுண்ணுயிருடன் கலந்து விதைத்தல் இன்றியமையாதது. ஏனெனில் சோயா முன்பு விளையாத மண்ணில் அந்நுண்ணுயிர் போதிய அளவில் இராது. பூக்கும் தறுவாயில் ஒரு செடியைப் பிடுங்கி, வேர் முண்டை நகத்தால் கீறிப் பார்த்தால், உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யவில்லை.

சோயா செய்யும் இதே தொண்டை நம் உளுந்தும் பாசிப்பயறும் தட்டைப்பயறும் இம்மண்ணில் நெடுங்காலமாகச் செய்து வருகின்றன. மக்காச்சோள வரிசைகளுக்கிடையே உளுந்து அல்லது தட்டை ஒரு வரிசை விதைத்தால், மண் மூடப்பட்டு ஈரம் காக்கப்படும். மழை குறைந்த ஆண்டில் பயறாவது கைக்கு வரும். ஓர் எச்சரிக்கை: பயறு ஊடுபயிராக உள்ள நிலத்தில் அட்ரசின் என்னும் களைக்கொல்லியைத் தெளிக்கலாகாது. அது மக்காச்சோளத்தை விட்டுவிட்டுப் பயறைக் கொன்றுவிடும். ஆண்டுக்கு ஆண்டு ஒரே நிலத்தில் மக்காச்சோளத்தையே விதைப்பவர், மூன்றாண்டுகளுக்கு ஒரு முறையேனும் பயறையோ பருத்தியையோ மாற்றி விதைத்தல் நலம்.

படைப்புழு: தனியொருவரால் ஆகாத காரியம்

2018ஆம் ஆண்டு மே மாதம் கர்நாடகத்தில் முதன்முதலாகக் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டிற் புகுந்தது. நம் மாவட்டத்து மானாவாரி மக்காச்சோளமும் பெருஞ்சேதம் அடைந்தது. அரசாங்கம் நிவாரணமும் வழங்கிற்று. குருத்திற்குள் மறைந்து தின்னும் இப்புழுவின் தலையில் தலைகீழான ஒய் எழுத்துப் போன்ற வெள்ளைக் கோடும், வால் பக்கத்தில் சதுரமாக அமைந்த நான்கு கரும்புள்ளிகளும் அடையாளம். தாய் அந்துப்பூச்சி ஒரே இரவில் நெடுந்தொலைவு பறக்க வல்லது.

கோடையுழவில் கூட்டுப்புழுக்கள் வெளிப்பட்டு வெயிலிலும் பறவைகளாலும் அழிகின்றன. கடைசி உழவில் ஏக்கருக்கு 100 கிலோ வேப்பம் பிண்ணாக்கு இடுதலும், விதை நேர்த்தியும், வரப்போரம் தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி விதைத்தலும், இலையில் முட்டைக் குவியலைக் கண்டவுடன் நசுக்குதலும் பயன் தருவன. தழைச்சத்து அளவு மீறினால் பயிர் மென்மையாகிப் புழுவை அழைக்கும் என்பதும் நினைவிருக்க வேண்டும். ஓர் ஊரில் ஒருவர் புரட்டாசியிலும் மற்றொருவர் கார்த்திகையிலும் விதைத்தால், முன்பயிரில் பெருகிய புழு பின்பயிரை முற்றும் தின்றுவிடும். இரண்டு வாரங்களுக்குள் ஊர் முழுவதும் விதைத்து முடித்தால் அந்த வாய்ப்புக் குறையும். இஃது ஊர் கூடி முடிவு செய்ய வேண்டிய விஷயம்.

பஞ்சாயத்து என்ன செய்யலாம்?

மேற்கூறியவற்றுள் பல, பஞ்சாயத்து முன்னின்றால் எளிதில் நடைபெறக் கூடியவை. மே தினக் கிராமசபையில், அவ்வாண்டு எந்தெந்த நிலங்களில் மண் மாதிரி எடுக்கப்பட வேண்டும் என்று பட்டியல் தயாரித்து, வேளாண்மைத் துறை அலுவலரிடம் ஒரே நாளில் ஒப்படைக்கலாம். வந்த அட்டைகளின் சுருக்கத்தைச் சுதந்திர தினக் கிராமசபையில் எல்லோர்க்கும் படித்துக் காட்டலாம். ஊரில் பத்து நிலங்களில் எட்டில் துத்தநாகக் குறைவு என்று தெரிந்தால், எல்லோரும் சேர்ந்து துத்தநாக சல்பேட்டை ஒருமுகமாக வாங்கிக்கொள்ளவும் வழி பிறக்கும். விதைப்பு வாரத்தையும் அப்போதே முடிவு செய்துவிடலாம்.

கண்மாய் வண்டலைப் பற்றியும் ஒரு வார்த்தை. வண்டல் எடுப்பதற்கான அனுமதியை வட்டாட்சியர் அளவிலேயே வழங்கும்படி 2024இல் விதி திருத்தப்பட்டது. செவல் நிலத்திற்கும் சரளை நிலத்திற்கும் வண்டல் பெரும்பயன் தரும். ஆனால் சுண்ணாம்பு நிலத்திலிருந்து வரும் நீர் கொண்டு சேர்த்த வண்டலில் சுண்ணாம்பே மிகுந்திருக்கலாம். ஆகவே வண்டி பூட்டுமுன் வண்டலிலும் ஒரு மாதிரி எடுத்துச் சோதித்தல் அறிவுடைமை.

இறுதியாக, எவருடைய சொல்லையும் அப்படியே ஏற்காமல் கண்ணாற் கண்டு தெளிவதே குடியானவர்க்கு அழகு. ஊரில் மூவர் முன்வரட்டும். ஒவ்வொருவரும் தம் நிலத்தில் ஐந்து சென்ட் கொண்ட இரண்டு பாகங்களை அருகருகே அளந்து குறியிடட்டும். ஒன்றில் தம் வழக்கப்படி உரமிடட்டும். மற்றொன்றில் அட்டையின்படி, ஊட்டமேற்றிய தொழுவுரமும் துத்தநாகமும் சேர்த்து, ஈரம் பார்த்து மேலுரமிடட்டும். விதை, நாள், களையெடுப்பு யாவும் இரண்டிற்கும் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். அறுவடையில் உலர்ந்த தானியத்தைத் தனித்தனியே நிறுத்து, இருபதால் பெருக்கினால் ஏக்கர் விளைவு தெரியும். உரச் செலவையும் எதிரெதிராக எழுதி, அடுத்த கிராமசபையில் எல்லோர் முன்னிலையிலும் படித்துவிட வேண்டும்.

விளைவு மிகுந்தால் ஊருக்கே இலாபம். விளைவு சமமாக இருந்து செலவு குறைந்திருந்தாலும் அது இலாபமே. இரண்டும் இல்லையெனில் எந்த இடத்தில் கரை தாழ்ந்திருக்கின்றது என்று மேலும் தேடுவோம். அருப்புக்கோட்டையிலும் கோவில்பட்டியிலும் உள்ள ஆராய்ச்சி நிலையத்தார் இத்தகைய தேடலுக்குத் துணை நிற்பர். நிலத்தடியிலுள்ள சுண்ணாம்பை நாம் மாற்ற இயலாது. அதனை அறிந்து உரமிடுவதும் பருவத்தில் விதைப்பதும் நம் கையில் உள்ளன. வரும் சித்திரையில் எடுக்கும் ஒரு கைப்பிடி மண்ணிலிருந்து அவ்வேலை தொடங்கட்டும்.